துணுக்குத் தகவல் தேடல்

துணுக்குத் தகவல் தேடல் என்பது திரைப்படம், இசை, தொலைக்காட்சி, விளையாட்டு முதலிய துறைகளில் பலரும் அறியாத சிறு செய்திகளுக்கு இணையத்தின் வழியாக விடை கண்டு, அவ்விடை சரியானதுதானா என்று உறுதி செய்துகொள்ளும் முயற்சியாகும். ஒரு படத்தில் ஒரேயொரு காட்சியில் தோன்றிய நடிகர் யார், ஒரு பாடலுக்கு வயலின் வாசித்தவர் யார், ஓர் ஆட்டத்தில் கடைசிப் பந்தை வீசியவர் யார் என்பன இத்தகைய வினாக்களுக்கு எடுத்துக்காட்டுகள். வினாடிவினாப் போட்டியாளர்கள், இதழாளர்கள், கலைக்களஞ்சிய ஆக்குனர்கள், திரைப்பட ஆர்வலர்கள், விளையாட்டு ஆர்வலர்கள் ஆகியோர் இதில் ஈடுபடுகின்றனர்.

இத்தேடலில் ஏதேனும் ஒரு விடையைக் கண்டெடுப்பது பெரும்பாலும் எளிது. அவ்விடை எந்தப் பதிவிலிருந்து வந்தது, அப்பதிவை யார், எந்த வரையறையின்படி வைத்திருந்தனர் என்பவற்றை அறிவதே கடினமான பகுதியாகும். ஒரே வினாவுக்கு இரண்டு நம்பகமான மூலங்கள் இரு வேறு விடைகளைத் தருவதும் உண்டு. பல தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி ஒரே தவறான விடையைத் தருவதும் உண்டு.

சொற்பொருள்

துணுக்கு என்னும் தமிழ்ச் சொல் சிறு துண்டைக் குறிப்பது. வார, மாத இதழ்களில் பக்கத்தின் அடியில் எஞ்சும் இடத்தை நிரப்ப வெளியிடப்படும் சிறு செய்திகளுக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'டிரிவியா' என்னும் சொல், மூன்று வழிகள் கூடும் சந்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. சந்தியில் கிடைப்பது, அதாவது எவருக்கும் கிடைக்கும் எளிய செய்தி என்பது அதன் உட்பொருள். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் பழைய வானொலி நிகழ்ச்சிகள், திரைப்படங்கள் ஆகியவை பற்றி வினாப்போட்டிகள் நடத்தத் தொடங்கிய பின்னர், இச்சொல் இன்றைய பொருளில் பரவியது.

வரலாறு

அச்சு நூல்களின் காலம்

இணையத்திற்கு முன்னர் இத்தகைய வினாக்களுக்கு விடை தேட அச்சு நூல்களே பயன்பட்டன. துடுப்பாட்டத்திற்கு, 1864 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் விசுடன் ஆண்டு நூல் முதன்மையான மூலமாக இருந்தது. பொதுவான சாதனைகளுக்குக் கின்னசு நூல் பயன்பட்டது. இந்நூலின் தோற்றமே ஒரு விடை கிடைக்காத வினாவிலிருந்து வந்தது. 1951 ஆம் ஆண்டில் அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்றிருந்த கின்னசு மதுவடி நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் இயூ பீவர், ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் மிக வேகமாகப் பறப்பது எது என்ற விவாதத்தில் ஈடுபட்டார். எந்த நூலிலும் அதற்கு விடை கிடைக்கவில்லை. இதுபோன்ற விவாதங்களைத் தீர்த்து வைக்க ஒரு நூல் தேவை என்று அவர் கருதினார். நாரிசு மெக்குவிர்ட்டர், ராசு மெக்குவிர்ட்டர் என்னும் இரட்டையர் தொகுத்த அந்நூலின் முதற் பதிப்பு 1955 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வெளியானது.

1979 ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் கிறிசு ஏனி, இசுக்காட் அபாட் என்னும் இரு இதழியலாளர்கள் 'டிரிவியல் பர்சூட்' என்னும் பலகை விளையாட்டை உருவாக்கினர். பொழுதுபோக்கு, விளையாட்டு, வரலாறு முதலிய ஆறு பிரிவுகளில் ஆயிரக்கணக்கான வினாக்களைக் கொண்ட இவ்விளையாட்டு 1980களில் வட அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. துணுக்குத் தகவல்களைத் தொகுத்துக் கூறும் நூல்களுக்கும் இதனால் தேவை பெருகியது.

தன்னார்வலர் தரவுத்தளங்கள்

இணையத்தில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்கள் நிறுவனத்தினர் அல்லர், தன்னார்வலர்களே ஆவர். யூசுநெட் என்னும் செய்திக்குழு வலையமைப்பில் திரைப்பட ஆர்வலர்கள் நடிகர்கள், இயக்குநர்கள் ஆகியோரின் பட்டியல்களைத் தொகுத்து வந்தனர். 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த கோல் நீடம் என்பவர், அப்பட்டியல்களைக் கணினியில் தேடுவதற்கான சிறு நிரல்களை அக்குழுவில் வெளியிட்டார். இதுவே பின்னர் ஐ.எம்.டி.பி. எனப்படும் இணையத் திரைப்படத் தரவுத்தளமாக வளர்ந்தது. 1993 ஆம் ஆண்டில் வேல்சிலுள்ள கார்டிப் பல்கலைக்கழகத்தின் வழங்கியில் உலகளாவிய வலைக்கு வந்த இத்தளம், 1998 ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தின் உடைமையானது.

துடுப்பாட்டத்திலும் இதே போக்கு காணப்பட்டது. 1993 ஆம் ஆண்டில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங், கிரிக்கின்ஃபோ தளத்தைத் தொடங்கினார். தாயகத்திலிருந்து தொலைவில் வாழ்ந்த மாணவர்களும் ஆய்வாளர்களும் ஆட்ட நிலவரங்களைத் தட்டச்சுச் செய்து பகிர்ந்துகொண்டனர். பழைய ஆட்டங்களின் எண்ணிக்கை அட்டைகளும் இவ்வாறே கணினிக்கு ஏறின. இத்தளம் 2003 ஆம் ஆண்டில் விசுடன் குழுமத்திற்கும், 2007 ஆம் ஆண்டில் ஈ.எசு.பி.என். நிறுவனத்திற்கும் கைமாறியது. இதிலுள்ள 'இசுடாட்சுகுரு' என்னும் வசதி, ஆட்டக்காரர், எதிரணி, மைதானம், காலம் போன்ற அளவுகோல்களைக் கொடுத்துப் பயனர் தாமே புள்ளிவிவரங்களை வடிகட்டிப் பெற உதவுகிறது.

வினா விடைத் தளங்கள்

2000களில், தெரியாதவர் கேட்கத் தெரிந்தவர் விடை சொல்லும் தளங்கள் பரவின. கூகுள் ஆன்சர்சு 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதில் கட்டணம் செலுத்தி ஆய்வாளர்களிடம் விடை பெற முடிந்தது. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் இது புதிய வினாக்களை ஏற்பதை நிறுத்தியது. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய யாகூ ஆன்சர்சு 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. இவ்வகைத் தளங்களில் விடையளிப்பவர் தம் மூலத்தைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் பொதுவாக இருந்ததில்லை. தளம் மூடப்படும்போது அதிலிருந்த விடைகளும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும்.

விடைகள் வேறுபடுவதற்கான காரணங்கள்

வரையறை வேறுபாடு

இங்கிலாந்து ஆட்டக்காரர் சாக் ஆப்சு முதல்தரத் துடுப்பாட்டத்தில் எத்தனை நூறுகள் அடித்தார் என்ற வினாவுக்கு இரு விடைகள் உள்ளன. விசுடன் நூலின் கணக்கு 197 நூறுகள், 61,237 ஓட்டங்கள். துடுப்பாட்டப் புள்ளியியலாளர் சங்கத்தின் கணக்கு 199 நூறுகள், 61,760 ஓட்டங்கள். இரண்டும் கவனக்குறைவால் விளைந்தவை அல்ல. 1930-31 பருவத்தில் விசயநகரம் மகாராசகுமாரர் திரட்டிய அணியில் சேர்ந்து ஆப்சு இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடினார். அவ்வாட்டங்களை முதல்தர ஆட்டங்களாகக் கொள்வதா என்பதே வேறுபாட்டுக்கு முதன்மையான காரணமாகும். ஆகவே, 'எத்தனை' என்ற வினாவுக்கு முன்னர் 'எவற்றை எண்ணுவது' என்ற வினாவுக்கு விடை தேவைப்படுகிறது.

வினாவிலேயே மறைந்திருக்கும் வரையறை

ஒருநாள் பன்னாட்டுத் துடுப்பாட்டத்தில் முதன்முதலாக இரட்டை நூறு அடித்தவர் யார் என்ற வினாவுக்குச் சச்சின் டெண்டுல்கர் என்பது பலர் தரும் விடை. அவர் 2010 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 அன்று குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 200 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997 ஆம் ஆண்டு திசம்பர் 16 அன்று, மகளிர் உலகக்கிண்ணப் போட்டியில் ஆத்திரேலிய அணித்தலைவி பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ஓட்டங்கள் எடுத்திருந்தார். டென்மார்க்கு அணிக்கு எதிரான அவ்வாட்டம் மும்பையில் நடைபெற்றது. டெண்டுல்கர் என்பது ஆடவர் ஆட்டங்களுக்கு மட்டும் பொருந்தும் விடை.

இதேபோல், முதல் துடுப்பாட்ட உலகக்கிண்ணம் 1975 ஆம் ஆண்டில் நடந்தது என்பதும் ஆடவர் போட்டிக்கே பொருந்தும். மகளிர் உலகக்கிண்ணம் அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1973 ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் நடைபெற்றுவிட்டது. வினாவில் 'ஆடவர்' என்ற சொல் விடுபடும்போது, விடையில் ஒரு சாதனையாளரின் பெயரும் விடுபடுகிறது.

பதிவில் நேர்ந்த பிழை

அமெரிக்க அடிபந்தாட்டத்தில், தம் அடியால் தம் அணிக்கு ஒரே பருவத்தில் மிகுதியான ஓட்டங்களைப் பெற்றுத் தந்தவர் ஆக் வில்சன். சிகாகோ கப்சு அணிக்காக 1930 ஆம் ஆண்டில் அவர் பெற்றுத் தந்த ஓட்டங்கள் 190 என்றே பல பத்தாண்டுகள் அச்சிடப்பட்டு வந்தன. அவ்வாண்டு சூலை 28 அன்று நடந்த ஓர் ஆட்டத்தில், வில்சனுக்குச் சேரவேண்டிய ஓர் ஓட்டம் அவருடைய அணித்தோழர் சார்லி கிரிமின் கணக்கில் எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1999 ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 191 எனத் திருத்தப்பட்டது. எனவே, 1999 ஆம் ஆண்டுக்கு முன்னர் அச்சான நூல்களில் 190 என்றிருப்பதை அந்நூல்களின் அச்சுப்பிழையாகக் கொள்ளலாகாது.

பதிவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

நிறவேற்றுமை காரணமாக, 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சாக்கி இராபின்சன் களமிறங்கும் வரை, இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க முதன்மை அடிபந்தாட்டக் கூட்டிணைவுகளில் கருப்பினத்தவருக்கு இடம் அளிக்கப்படவில்லை. அவர்கள் தனிக் கூட்டிணைவுகளில் ஆடினர். அவ்வாட்டங்களின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வ ஏடுகளில் சேர்க்கப்படவில்லை. கருப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள்களில் வெளியான ஆட்ட விவரங்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடித் தொகுத்தனர். 2020 ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கூட்டிணைவுகளுக்கு முதன்மைத் தகுதி அளிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வ ஏட்டில் இணைக்கப்பட்டன.

இதனால், வாழ்நாள் அடித்தல் சராசரியில் முதலிடம் யாருக்கு என்ற பழைய வினாவின் விடையே மாறியது. அதுவரை 0.367 என்ற சராசரியுடன் டை காப் முதலிடத்தில் இருந்தார். இணைப்புக்குப் பின்னர் 0.372 என்ற சராசரியுடன் சோசு கிப்சன் முதலிடம் பெற்றார். கிப்சன், இராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, 1947 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தம் 35 ஆவது வயதில் காலமானார் என்பது குறிப்பிடத்தக்கது. பழைய வினாடிவினா நூல்களில் உள்ள விடை, அவை எழுதப்பட்ட காலத்து ஏட்டின் எல்லையைக் காட்டுகிறது.

மூலம் அழிந்துபோதல்

சில வினாக்களுக்கு உரிய மூலமே இன்று கிடைப்பதில்லை. தமிழகத்தின் முதல் பேசாப் படமாகக் கருதப்படும் 'கீசகவதம்' இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆர். நடராச முதலியார் எடுத்த இப்படத்தின் ஆண்டு 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் வெவ்வேறு நூல்களிலும் தளங்களிலும் காணப்படுகிறது. படத்தின் படி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இத்தகைய நிலையில் ஓர் ஆண்டை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை மறைப்பதைவிட, மூலங்கள் வேறுபடுவதைக் குறிப்பிடுவதே சரியான விடையாகும்.

வேறு சிலவற்றில் எழுத்துப் பதிவு இருந்தும் காட்சிப் பதிவு இருப்பதில்லை. 1983 ஆம் ஆண்டு சூன் 18 அன்று சிம்பாப்வே அணிக்கு எதிரான உலகக்கிண்ண ஆட்டத்தில், 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்த இந்திய அணியைக் கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்து மீட்டார். அணி 60 நிறைவுகளில் 8 விக்கெட்டுகளுக்கு 266 ஓட்டங்கள் எடுத்தது. இவ்வாட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படவில்லை. எண்ணிக்கை அட்டையும் செய்தித்தாள் செய்திகளும் நேரில் கண்டோர் கூற்றுகளுமே இதற்கு மூலங்கள். 2021 ஆம் ஆண்டில் வெளியான '83' என்னும் இந்தித் திரைப்படத்தில் இவ்வாட்டம் மீண்டும் நடித்துக் காட்டப்பட்டுள்ளது. அக்காட்சியில் உள்ள நுணுக்கங்களை ஆட்டம் பற்றிய சான்றாகக் கொள்ள இயலாது.

பிழைகள் பரவும் முறை

வேண்டுமென்றே இடப்பட்ட பொறி

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'கொலம்போ'வின் நாயகனுடைய முதற்பெயர் உரையாடலில் எங்கும் கூறப்படுவதில்லை. துணுக்குத் தகவல் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்த பிரெட் வொர்த் என்பவர், தம் நூலை யாரேனும் நகலெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, அப்பெயர் 'பிலிப்பு' என்று தாமே கற்பனையாக எழுதி வைத்தார். டிரிவியல் பர்சூட் வினா அட்டையொன்றில் அதே பெயர் விடையாக அச்சாகியிருந்தது. 1984 ஆம் ஆண்டில் வொர்த் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய நூலும் தம் மூலங்களுள் ஒன்று என்பதை விளையாட்டின் ஆக்குனர்கள் மறுக்கவில்லை. எனினும், தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் வழக்குத் தள்ளுபடியானது. தொடரின் சில காட்சிகளில் தெரியும் அடையாள அட்டையில் காணப்படும் பெயர் 'பிராங்கு' என்பதாகும். படத்தை நேரடியாகப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை, நூலைப் பார்த்து எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சுற்றுவழிச் சான்று

மூலமற்ற ஒரு கூற்று கலைக்களஞ்சியத்தில் இடம்பெற, அதைப் பார்த்துச் செய்தித்தாள் எழுத, பின்னர் அச்செய்தித்தாளே அக்கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவது சுற்றுவழிச் சான்று ஆகும். பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றுக்கு முகப்பிசை அமைத்த உரோனி ஏசல்குர்சுட்டு 2007 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று காலமானார். எசு கிளப் 7 என்னும் இளைஞர் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரீச்' பாடலை ஆக்கியதில் அவருக்கும் பங்குண்டு என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக யாரோ சேர்த்திருந்தனர். பிரித்தானியாவின் முன்னணி ஊடகங்கள் பல அதைச் சரிபார்க்காமல் தம் அஞ்சலிக் கட்டுரைகளில் வெளியிட்டன. அப்பாடலை எழுதியவர்கள் கேத்தி டென்னிசு, ஆண்ட்ரூ டாட் ஆகிய இருவர். பாடல் தகட்டின் உறையைப் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திருக்காது. நீண்ட காலம் உழைத்த ஓர் இசைக்கலைஞருக்கு எழுதப்பட்ட இறுதிக் குறிப்பில் அவர் செய்யாத பணி இடம்பெற்றது.

2009 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிசு சார் காலமானபோது இதைப் போன்ற மற்றொரு நிகழ்வு நடந்தது. அயர்லாந்து மாணவர் ஒருவர், ஊடகங்களைச் சோதிக்கும் நோக்கில், சார் கூறியதாக ஒரு பொய் மேற்கோளை விக்கிப்பீடியாவில் சேர்த்தார். சான்று இல்லாத காரணத்தால் தன்னார்வலர்கள் அதை விரைவில் நீக்கினர். ஆயினும், அதற்குள் பல நாடுகளின் செய்தித்தாள்கள் அம்மேற்கோளை வெளியிட்டுவிட்டன. அம்மாணவர் தாமே அறிவிக்கும் வரை அவை திருத்தப்படவில்லை.

தேடும் முறை

துணுக்குத் தகவலைத் தேடிச் சரிபார்க்கப் பின்வரும் படிகள் பயன்படுகின்றன.

1. வினாவைத் தெளிவாக்கல்: எந்தக் காலம், எந்த நாடு, எந்தப் பிரிவு, ஆடவரா மகளிரா, அதிகாரப்பூர்வ ஆட்டங்கள் மட்டுமா என்பவற்றை முதலில் வரையறுக்க வேண்டும். 'முதல்', 'மிக அதிகம்', 'ஒரே' ஆகிய சொற்கள் உள்ள வினாக்களில் இது இன்றியமையாதது.

2. தேடுசொற்களைத் தேர்தல்: தேடுபொறிகளில் ஒரு தொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அத்தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் முன்வரும். சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இது உதவும்.

3. துறைத் தரவுத்தளத்தை நாடுதல்: பொதுத் தேடலில் கிடைக்கும் பக்கங்களைவிட, எண்ணிக்கை அட்டைகள், நடிகர் பட்டியல்கள் ஆகியவற்றைக் கொண்ட தரவுத்தளங்கள் மூலத்திற்கு நெருக்கமானவை. எனினும், பயனர்கள் தகவல் சேர்க்கக்கூடிய தளங்களில் அதிகம் அறியப்படாத படங்களின் விவரங்களைக் கூடுதல் கவனத்துடன் அணுக வேண்டும்.

4. முதன்மை மூலத்தை அடைதல்: நிகழ்வு நடந்த காலத்துச் செய்தித்தாள், படத்தின் பெயர்ப் பட்டியல், இசைத்தட்டின் உறை, எண்ணிக்கை அட்டை ஆகியவை முதன்மை மூலங்கள். ஆத்திரேலியத் தேசிய நூலகத்தின் 'டிரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். மறைந்துபோன இணையப் பக்கங்களின் பழைய படிகளை, 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இணைய ஆவணகத்தில் காணலாம்.

5. தனித்தனி மூலங்களை ஒப்பிடல்: ஒரே சொற்றொடரைக் கொண்ட பத்துப் பக்கங்கள் பத்துச் சான்றுகள் ஆகா. அவை ஒரே பக்கத்தின் படிகளாக இருக்கக்கூடும். ஒன்றையொன்று சாராத இரு மூலங்கள் ஒத்துப்போவதே மதிப்புடையது.

6. கணக்கிட்டுப் பார்த்தல்: எண் சார்ந்த விடைகளைப் பெரும்பாலும் தாமே சோதிக்கலாம். டான் பிராட்மன் 52 தேர்வு ஆட்டங்களில் 80 முறை மட்டை பிடித்து, 10 முறை ஆட்டமிழக்காமல், 6,996 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்த 70 முறைகளால் வகுத்தால் அவருடைய சராசரி 99.94 என்பது உறுதியாகிறது. இன்னும் 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் 7,000 ஓட்டங்களுடன் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும் என்ற புகழ்பெற்ற கூற்றையும் இதே கணக்கால் சரிபார்க்கலாம்.

தமிழில் தேடுதல்

தமிழில் தேடும்போது சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன. ஒரே பெயர் பலவாறு எழுதப்படுகிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி பெயர் டி. பி. ராஜலட்சுமி, ராஜலக்ஷ்மி, இராசலட்சுமி என்று பல வடிவங்களில் காணப்படுகிறது. எம்.ஜி.ஆர்., எம். ஜி. ராமச்சந்திரன், ம. கோ. இராமச்சந்திரன் ஆகிய மூன்றும் ஒருவரையே குறிக்கும். தமிழக இதழ்களில் 'கிரிக்கெட்', 'ரன்' என்று எழுதப்படுவது, இலங்கை வழக்கில் 'துடுப்பாட்டம்', 'ஓட்டம்' என்று அமையும். ஒரு வடிவத்தில் கிடைக்காத செய்தி மற்றொரு வடிவத்தில் கிடைக்கலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தனி எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களின் உள்ளடக்கத்தை இன்றைய தேடுபொறிகளால் பெரும்பாலும் கண்டறிய முடிவதில்லை.

தமிழ்த் திரைப்படத் தகவல்களுக்கு மூன்று வகை முதன்மை மூலங்கள் பயன்படும். முதலாவது, திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல்கள் ஆகியன இதில் இருக்கும். படச்சுருள் அழிந்துபோன படங்களுக்கு இது பெரிதும் உதவுகிறது. இரண்டாவது, படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழ். இதில் உள்ள நாள் சான்றளிக்கப்பட்ட நாளே அன்றி வெளியீட்டு நாள் அன்று. திசம்பரில் சான்று பெற்று சனவரியில் வெளியாகும் படங்களின் ஆண்டில் குழப்பம் நேர்வது இதனாலேயாகும். மூன்றாவது, அக்காலத்து நாளிதழ்களில் வந்த விளம்பரங்கள்.

'பிலிம் நியூஸ்' ஆனந்தன் பல பத்தாண்டுகள் தனியொருவராகத் தமிழ்ப் படங்களின் விவரங்களைச் சேகரித்து வந்தார். அவர் தொகுத்த நூல் 2004 ஆம் ஆண்டில் வெளியானது. அவர் 2016 ஆம் ஆண்டில் காலமானார். இன்று இணையத்தில் காணப்படும் பழைய தமிழ்ப் படப் பட்டியல்கள் பலவும் அவருடைய உழைப்பை அடியொற்றியவை. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு ஆக்கங்களைப் பாதுகாத்து வருகிறது. இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் ஆகியவற்றை 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம் எண்ணிம வடிவில் இலவசமாக வழங்குகிறது.

உரையாடும் செயலிகள்

2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், செயற்கை அறிவு உரையாடிகளிடம் துணுக்குத் தகவல்களைக் கேட்கும் வழக்கம் பரவியது. வினாவை இயல்பான மொழியில் கேட்க முடிவதும், மறந்துபோன படத்தின் கதையை விவரித்து அதன் பெயரைக் கேட்க முடிவதும் இவற்றின் பயன்கள். ஆனால், பெருமொழி மாதிரிகள் தாம் கற்ற உரைகளின் போக்கை ஒட்டிச் சொற்களை அடுக்குபவை. ஒரு பொருள் பற்றிப் போதிய எழுத்துகள் இல்லாதபோது, பொருத்தமாகத் தோன்றும் தவறான பெயரையோ ஆண்டையோ தயக்கமின்றித் தந்துவிடக்கூடும். துணுக்குத் தகவல் என்பது இயல்பிலேயே குறைவாக எழுதப்பட்ட செய்தி ஆதலால், இவ்வபாயம் இங்கு அதிகம். தமிழ் போன்று இணையத்தில் குறைந்த உரைகளைக் கொண்ட மொழிகளில் இது மேலும் கூடுகிறது. உரையாடி தரும் விடையைத் தேடலின் தொடக்கமாகக் கொண்டு, மேலே கூறிய படிகளின்படி சரிபார்ப்பதே பொருத்தமாகும்.

முக்கியத்துவம்

துணுக்குத் தகவல்கள் பயனற்ற செய்திகளாகக் கருதப்படுவதுண்டு. எனினும், பெலிண்டா கிளார்க், சோசு கிப்சன் ஆகியோரின் எடுத்துக்காட்டுகள் காட்டுவது போல, ஒரு சிறு வினாவின் விடையில் ஒருவருடைய வாழ்நாள் உழைப்புக்கான ஏற்பு அடங்கியிருக்கலாம். திரைப்படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத துணை நடிகர்கள், குழுப்பாடகர்கள், இசைக்கருவிக் கலைஞர்கள் பலரின் பங்களிப்பு இத்தகைய தேடல்களாலேயே வெளிப்படுகிறது. ஆகவே, விடையுடன் அதன் மூலத்தையும் எழுதி வைப்பது, அடுத்துத் தேடுபவர் அதே பாதையில் சென்று சரிபார்க்கவும், தவறிருப்பின் திருத்தவும் வழிசெய்கிறது.